ஒன்ஸ் மோர் கேட்க முடியாத அழுகை

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்குக் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் செஞ்சி வியாபாரப் பெருமக்களே, நாடக மன்றத் தோழர்களே, தாய்மார்களே!

இதெல்லாம் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். நாடகக் கலைமணி கனகராஜுக்குத் தாய்மாமன். தொட்டிலில் அவன் வீறிட்டபோதே, "இவன் ஊரையே அழவைப்பான்" என்றேன். அழவைத்தானா இல்லையா? நெஞ்சுவலியோடு ஒத்திகைக்குப் போகாதே என்றேன். போனான். திரும்பி வந்து படுத்தவன் எழவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது ஐயா. உட்கார்ந்து பேசுகிறேன் என்றாலும் தலைவர் விடமாட்டேன் என்கிறார்.

நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் விருத்தம் என்னைக் கேட்டுக்கொண்டுதான் அடி வைக்கும்! அவன் எழுதிய "எல்லைத்தாய்" நாடகம் அவலூர்பேட்டையில் முதன்முதலாக நடந்தபோது பத்தாயிரம் பேர்! சீனச் சண்டையில் மகன் மாண்டான் என்று தந்தி வருகிறது. தாய் வேடம் கட்டிய முருகையன், "அந்தோ மைந்தா!" என்று விருத்தத்தை இழுத்தான். நம் செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சிவரை கேட்டது. கூட்டம் என்ன செய்தது? "ஒன்ஸ் மோர்!" என்று கத்தியது. நம் பக்கத்து வழக்கம் தெரியாதா? கேட்டால் பாடியே தீரவேண்டும். தந்திக்காரன் திரும்ப வந்தான். மகன் திரும்பச் செத்தான். அதற்கும் ஒன்ஸ் மோர்!

திரைக்குப் பின்னால் கனகராஜ் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். ஆர்மோனியம் ராஜாங்கம் கேட்டார்: "இன்னாப்பா, ஜனம் இப்பிடிக் கொண்டாடுது, நீ எழவு வூட்ல குந்திகினு இருக்கிறாப்பல இருக்கிற?"

"எழவு வூட்ல எவண்ணா ஒன்ஸ் மோர் கேக்கறான்?"

அந்த விருத்தத்தையே நாடகத்திலிருந்து நீக்கிவிட்டான். மெட்டு போனதும் "அந்தோ"வுக்கு அங்கே என்ன வேலை? "மைந்தா"வும் கூடவே போயிற்று. அடுத்த முறை முருகையன் தந்தியை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வந்தவனைப் பார்த்து, "வெயில்ல வந்துகிறியே நைனா. எம்புள்ளைக்கின்னு ஆக்குன சோறு இருக்குது, துன்னுட்டுப் போ" என்றான். அவ்வளவுதான்! யார் கேட்பார்கள் ஒன்ஸ் மோர்? கைதட்டக்கூட ஒருவருக்கும் கை எழவில்லை. என் பக்கத்தில் கடலை விற்றவள் கூடையை மூடிவிட்டாள்.

வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூரில் அதே நாடகம். "பாட்டைத் திருப்பிச் சேத்துடலாம், கைதட்டே இல்லாத நாடகத்துக்கு எவன் கூப்புடுவான்?" என்கிறார் ராஜாங்கம். தப்பில்லை. வேடம் கட்டினால்தான் இவர்கள் வீட்டில் உலை ஏறும். ஆனால் கனகராஜ் சாகும்போது என் கையைப் பிடித்து, "மாமா, பாட்ட மட்டும் சேக்க உடாதீங்க" என்றான். கடைசிப் பேச்சே அதுதான்! அதை மீற யாருக்கு மனம் வரும்? அவன் எழுதியபடியே நாடகம் நடக்கும். எனக்கு மூச்சிருக்கும்வரை நடத்திவைப்பேன். இது இந்த அவைக்கு நான் தரும் வாக்கு.

முன்வரிசையில் அவன் மனைவி பவுனம்மாள் என்னையே பார்க்கிறாள். கடைசிவரை பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

சரி அம்மா. இனிமேல் ஜோடித்துப் பேச எனக்கும் தெம்பில்லை. அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் போய்ச் சேரும்போதே பேச்சு நின்றுபோயிருந்தது. பாட்டு வேண்டாம் என்று உங்களைக் கேட்பது அவனில்லை, நான்தான்.