வேண்டுமென்றே தப்பாக எழுதியவள்

வடக்குத்து போகும் பேருந்தில், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை முடித்துத் திரும்பிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எழுத்தறிவு வகுப்புப் பரீச்சையில வேணும்னே தப்பா எழுதுனேன்க்கா,” என்றாள் இளையவள்.

“ஏன்டி? நல்லாத்தான படிச்சிகினு இருந்த?”

“பாஸாயிட்டா போதும்னு அனுப்பிடுவாங்க. அந்த ஒரு மணி நேரந்தான் என்னை யாரும் வேலை ஏவுறதில்ல.”

“டீச்சர் நம்பிட்டாங்களா?”

“எங்க! மனசு கேக்காம, பேப்பர் கடைசியில ‘மன்னிச்சிடுங்க டீச்சர், எல்லாம் தெரியும்’னு பிழையில்லாம எழுதிட்டேன். பாஸ் போட்டுட்டாங்க. பாஸானாலும் தினம் வந்து உக்காரலாம்னு சொன்னாங்கக்கா.”

மூத்தவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு என்னையும் கூட்டிகினு போடி,” என்றாள்.