அறுபத்தோராம் பக்கம்

ஹலோ... ஆமா, நான்தான். யாரு?... லைப்ரரியா? கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிற அம்மாதானே? சொல்லுங்கம்மா... ஆமா, ஆமா, புத்தகம் என்கிட்டதான் இருக்கு. கெடு முடிஞ்சதும் தெரியும்... என்னது, கிறுக்கறேனா? நானா?

இருங்கம்மா, இருங்க. நான் படிச்சது அஞ்சாம் கிளாஸ். முப்பத்தஞ்சு வருஷம் வெல்டிங் பட்டறையில கிடந்த கை இது. கையெழுத்துப் போடவே அரை நிமிஷம் ஆகும். நான் எங்கேர்ந்து ஓரத்துல பொடி எழுத்துல எழுதறது?... ஆமா, நான் எடுத்த பதினோரு புத்தகத்துலயும் பென்சில் இருக்கும். இருக்கிறதாலதானே எடுத்தேன்.

கார்டை அப்புறம் கேன்சல் பண்ணுங்க. முதல்ல கேளுங்க.

அலமாரி அலமாரியா அடுக்கி வச்சிருக்கீங்க. எதை எடுக்கறதுன்னு யாரைக் கேட்கிறது? பின்னட்டையில இருக்கறது விக்கிறவன் எழுதினது. தக்காளி விக்கிறவன் அழுகல்னு சொல்லுவானா? முன்னுரை எழுதினவன், புத்தகம் எழுதினவனோட சிநேகிதன். பரிசு வாங்கினதுன்னு வட்டமா ஒட்டியிருக்கான், அந்த ஸ்டிக்கர் எந்தக் கடையில கிடைக்குதோ... நீங்க சொல்லுவீங்களா? சொன்னீங்களே. முதல்நாள் ஒரு கோடீஸ்வரன் எழுதினதை எடுத்துக் குடுத்தீங்க. காலையில நாலு மணிக்கு எழுந்தா பணக்காரன் ஆயிடலாமாம். நான் ஆயுசு பூரா நாலு மணிக்குத்தான்மா எழுந்தேன்.

அந்த வரிக்குப் பக்கத்துலதான் முதல்ல பென்சிலைப் பார்த்தேன். பால்காரனைக் கேட்டுப் பார்னு எழுதியிருந்தது. தனியா உட்கார்ந்து சிரிச்சேன். இவன் நம்ம ஆளுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். அதுலேர்ந்து பென்சில் இருந்தாத்தான் எடுப்பேன், இல்லைன்னா வச்சிடுவேன்... நம்பிக்கைதான். வேற யாரை நம்பறது?

நான் திருப்பிக் குடுத்ததுல அந்தக் குண்டு நாவலை எடுங்க. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். இங்கேர்ந்து நூத்தி நாப்பதுக்குப் போ, நடுவுல மழை மட்டும்தான் பெய்யுதுன்னு இருக்கா?... இருக்குல்ல. போனேன். அங்கேயும் ஒரு ஆள் நகரல, எல்லாரும் அதே சன்னல்கிட்டதான் நிக்கறாங்க. என் ஆயுசுல இருபத்தெட்டு பக்கத்தை மிச்சம் பிடிச்சுக் குடுத்தவன்மா அவன்.

இப்போ தலையைத் தூக்கி உங்க சுவத்துப் பலகையைப் பாருங்க. 'இந்த மாதம் நான் வாசித்தவை'ன்னு தொங்குதே, அதுதான். அதே நாவலுக்கு எங்க சம்பந்தி சீட்டு குத்தியிருக்கார். படிங்க... 'மழையைப் பக்கம் பக்கமாகப் பெய்வித்த மகத்தான படைப்பு. மூன்று முறை வாசித்தேன்.' மூணு தடவையாம். நம்ம பென்சில்காரன் ஒரு தடவைக்கே தாண்டிக் குதிச்சு ஓடியிருக்கான்.

ஆமா, அவர்தான். என் மகளோட மாமனார், பேங்க்ல பெரிய அதிகாரியா இருந்தவர். போன வருஷம் அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில, பத்து பேர் முன்னாடி, சம்பந்தி, சமீபத்துல என்ன வாசிச்சீங்கன்னு கேட்டார். கரண்ட் பில்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் கொஞ்சம் அதிகமாவே சிரிச்சார். அன்னிக்கப்புறம் அந்த வாசப்படி மிதிக்கிறதில்ல. மறுநாள்தான் உங்ககிட்ட வந்து கார்டு போட்டேன். இப்போ அவருக்கு ஏதோ ஆபரேஷனாம், ஒரு எட்டு வந்து பாருங்கப்பான்னு மக தினம் போன் பண்றா. என்ன ஆபரேஷன்னுகூட நான் கேட்கல.

...வர்றேன், விஷயத்துக்கு வர்றேன். இந்தப் புத்தகத்தை ஏன் தரலைன்னா, பென்சில் அறுபத்தோராம் பக்கத்துல நின்னுபோச்சு. அதுக்கப்புறம் வெறும் வெள்ளை. இத்தனை புத்தகத்துல ஒருத்தனைப் பத்தியும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன், இங்கே 'இவன் பரவாயில்லை. மீதி நாளைக்கு'ன்னு எழுதியிருக்கான். அந்த நாளைக்கு வரவே இல்ல. நல்லா இருக்குன்னு சொன்னவன் எதுக்கு நிறுத்தணும்? செத்துகித்துப் போயிட்டானா?... சிரிக்காதீங்கம்மா. மூணு வாரமா அந்தப் பக்கத்துலயே நிக்கறேன். ஆளு யாருன்னு சொல்லுங்க, புத்தகம் வந்துடும்... சொல்லக் கூடாதா? யாரு போட்ட சட்டம் அது?

அது என்ன சத்தம், வறட் வறட்னு?... ரப்பரா? அழிச்சுக்கிட்டே பேசறீங்களா? நிறுத்துங்க. எத்தனை ஆச்சு?... ரெண்டு. எதெது?... கோடீஸ்வரனா. அப்போ பால்காரனும் போயிட்டான்.

கீழ வைங்கம்மா ரப்பரை. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

சரி, பேர் வேணாம். உங்க கம்ப்யூட்டர்ல பாருங்க, இந்தப் பதினொண்ணையும் எனக்கு முன்னாடி எடுத்தது ஒரே ஆளா இல்லையா... பாருங்க, நான் இருக்கேன்...

ஒரே கார்டுதானே? சொன்னேன்ல. கடைசிப் புத்தகத்தை அவனே வந்து குடுத்தானா?... ஒரு பொண்ணா?... மாமனாருக்குக் கண் ஆபரேஷன்... ரெண்டு மாசம் படிக்கக் கூடாதுன்னு பாதியிலயே... சரி... சரி.

அந்தப் பொண்ணு எதுல வந்துச்சு?... ஸ்கூட்டர். பின்னாடி இரும்புக் கூடையா? நாலு மூலையிலயும் வெல்டிங் வச்சு?



...அந்தக் கூடை என் மகளுக்கு நான் பண்ணிக் குடுத்தது.

...ஆமா. ஆமா, அவர்தான். பலகையில மகத்தான படைப்பு, உள்ளே தாண்டிக் குதி. என்ன மனுஷன்மா இவர்? லோன் கேட்டுப் போனவங்ககிட்டயும் இப்படித்தான் சிரிச்சுப் பேசியிருப்பார்... கோபம் இல்ல. கோபம்தான். பதினோரு புத்தகமா ஏமாந்திருக்கேனே... ஏமாத்தலைன்னு சொல்றீங்களா? ம். சாப்பாட்டு மேசையில ஏமாத்தினார். பலகையில ஏமாத்தினார். புத்தகத்துல ஏமாத்தல. அது வாஸ்தவம்.

கண்ணு எரிச்சல்னா எனக்குத் தெரியும்மா. பட்டறையில வெல்டிங் வெளிச்சம் பட்டு எத்தனை நாள் ரெண்டு கண்ணுலயும் ஈரத்துணி போட்டுக் கிடந்திருக்கேன். அப்போ யாராவது பக்கத்துல பேசிக்கிட்டிருந்தா தேவலாம்போல இருக்கும்.

இப்போ கிறுக்கினது யாருன்னு மேலிடத்துக்கு எழுதி அனுப்பணுமா?... அவர் கார்டையா ரத்து பண்ணுவீங்க? வேணாம், என் பேரை எழுதுங்க... அட, எழுதுங்கம்மா. அஞ்சாம் கிளாஸ், வெல்டிங் பட்டறை. ஒருத்தரும் மறு கேள்வி கேட்க மாட்டாங்க. எனக்கு எதுக்குக் கார்டு? அவர் எடுக்கறதைத்தானே நான் படிக்கப் போறேன்.

இந்தப் புத்தகம் இன்னும் ஒரு மாசம் ஆகும். அவர் பேர்லயே போட்டு வைங்க... ஆமா, இப்பவே கிளம்பறேன். அறுபத்தி ரெண்டுலேர்ந்து நான் வாசிக்கறேன், அவர் படுத்துக்கிட்டு அபிப்பிராயம் சொல்லட்டும். மகத்தானது கிகத்தானதுன்னு வாயைத் திறந்தா நம்ப மாட்டேன். பென்சில்ல எழுதற மாதிரி சொல்லணும்.

...நானா? எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். மெதுவாத்தான் போகும். சிரிக்கட்டுமே, பார்க்கலாம். நல்ல இடமாப் பார்த்து மூடி வச்சிட்டு எழுந்து வந்துடுவேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாம கிடக்கட்டும், மூணு வாரம்.

வைக்கிறேன்மா.