பரீட்சைக்கு வைத்திருந்த முழங்கால்

எனக்கு ஆட்களின் பெயர் மறந்துபோகும் சார், முழங்கால் மறக்காது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் யாராவது எதிரே வந்தால் முகத்துக்கு முன்னால் கீழேதான் பார்ப்பேன். வேட்டி கட்டியவர்களிடம்தான் கொஞ்சம் சிரமம்.

தங்கராசு விஷயமாகத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள்? விசாரணைக் கமிட்டி என்று கடிதத்தில் போட்டிருந்ததால் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தேன். ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. நடந்ததையெல்லாம் தேதிவாரியாக நோட்டில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

2005-இல் நான் இங்கே விளையாட்டுப் பிசியோதெரபியில் முதுகலை கடைசி வருடம். பாடம் கொஞ்சம், பயிற்சிதான் அதிகம். காலை எட்டு மணிக்கே நோயாளிகளின் அடிபட்ட கால்களோடு உட்கார்ந்துவிடுவோம். முடிவில் ஒரு செய்முறைப் பரீட்சை. வெளியூர்ப் பரீட்சகர் வருவார். ஒரு நோயாளியைப் படுக்க வைத்து, அளந்து, அசைத்துப் பார்த்து, குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். குறை நிறைய இருந்தால்தான் பேச நிறைய இருக்கும், மார்க்கும் விழும். குணமான ஆளைப் படுக்க வைத்துவிட்டு ஊர்க்கதையா பேச முடியும்? அதனால் ஒவ்வொரு மாணவனும் நல்ல கேஸாகப் பார்த்து முன்கூட்டியே பிடித்து வைப்பான். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது போல எங்கள் துறையில் இது சகஜம்.

தங்கராசு ரஞ்சன்குடிக்காரர். அப்போது வயது இருபத்து நான்கு. பொங்கலுக்குப் பாடாலூரில் நடந்த கபடியில், எதிரணிக் கட்டத்துக்குள் பாடிப் போன இடத்தில் இடது முழங்கால் தசைநார் அறுந்து, திருச்சியில் ஆபரேஷன் முடித்து, மாசி மாதம் எங்களிடம் வந்தார். பார்த்ததுமே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இரண்டு தொடைக்கும் சுற்றளவில் நாலு சென்டிமீட்டர் வித்தியாசம். காலை நீட்டச் சொன்னால் முழுசாக நீளாது, கொஞ்சம் மடங்கியே நிற்கும். அன்றைக்கே போர்டில் என் பெயருக்கு எதிரே அவர் பெயரை எழுதிவிட்டேன்.

அவருடைய அம்மா அம்மாக்கண்ணு, களையெடுப்பு வேலையை விட்டுவிட்டு மகனோடு பஸ்ஸில் வருவார். "டாக்டரு தம்பி, ஐப்பசியில ரயில்வேக்குக் கபடி ஆளு எடுக்குறாங்களாம். அதுக்கப்புறம் இவனுக்கு வயசு தாண்டிரும். அதுக்குள்ள காலு நேராயிடுங்களா?" என்று கேட்டார்.

"ஆயிடும்மா" என்றேன். அது பொய் இல்லை. ஆகஸ்டில் எனக்குப் பரீட்சை, அக்டோபரில் அவருக்குத் தேர்வு. இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது.

பிறகு பரீட்சையை அக்டோபருக்குத் தள்ளி வைத்தார்கள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தப்பு தொடங்கியது அங்கேதான், நான் பிற்பாடுதான் அதில் சேர்ந்தேன்.

பரீட்சை தள்ளிப் போனாலும் தங்கராசு நிற்கவில்லை. பொறுப்பே இல்லாமல் குணமாகிக்கொண்டிருந்தார். ஜூலைக் கடைசியில் அளந்தபோது வித்தியாசம் ஒரே ஒரு சென்டிமீட்டர். அதை நோட்டில் எழுதிவிட்டு, பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

நான் யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. தொடைக்கு வேலை கொடுக்கும் பயிற்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, கால் விரலை மட்டும் ஆட்டச் சொன்னேன். முழங்காலை மடங்கவிடாமல் பிடிக்கும் பிரேஸைத் தூங்கும்போதும் கழற்றக் கூடாது என்றேன். ஒரே மாதத்தில் வித்தியாசம் இரண்டரை சென்டிமீட்டர் கிடைத்தது.

ஆனால் செப்டம்பரில் அளந்தால் மறுபடி ஒன்றரை. என்னடா இது என்று விசாரித்தேன். விடிகாலையில் பிரேஸைக் கழற்றி வைத்துவிட்டு ரஞ்சன்குடிக் கோட்டைப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார். நோயாளியே இப்படி ஏமாற்றினால் யாரை நம்புவது? எனக்கு உண்மையிலேயே மனசு விட்டுப்போயிற்று.

"சும்மா ஒக்காந்தா காலு மரத்துப்போவுதுங்க சார். படி ஏறுனா நல்லாருக்கு" என்றார்.

"நல்லாத்தான் இருக்கும். திரும்ப அறுந்துச்சுன்னா ஆயுசுக்கும் நொண்டி. அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன்.

அம்மாக்கண்ணு அங்கேயே அழுதுவிட்டார். மறுநாளிலிருந்து மகனைக் கட்டிலை விட்டு இறங்கவிடவில்லை. சாப்பாடுகூடக் கட்டிலுக்கே வந்தது. இப்படி ஒத்துழைக்கும் குடும்பம் அமைவது அபூர்வம் சார். அக்டோபரில் நாலரை சென்டிமீட்டர், வந்த நாளைவிட அரை அதிகம்.

பரீட்சையும் ரயில்வே தேர்வும் ஒரே நாளில் வந்து விழுந்தன. "திருச்சிக்குப் போயி மூணே மூணு ரைடு மட்டும் போயிட்டு வந்துடறேன் சார்" என்றார் தங்கராசு. டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்து காட்டினேன். "இந்தக் காலோடவா?" என்று மட்டும் கேட்டேன். டேப்பை வாங்கித் தானே ஒரு தடவை அளந்து பார்த்தார். "சரிங்க சார், ஒங்க பரிச்சைக்கே வரேன்" என்றார்.

புகார் கொடுத்த புவனேஸ்வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்னோடு படித்தவர். அவர் பிடித்து வைத்திருந்தது அரியலூர் வாலிபால் பெண் ஒருத்தியின் தோள்பட்டை. அருமையான தோள்பட்டை. அதைச் செப்டம்பரிலேயே குணமாக்கி மேட்சுக்கு அனுப்பிவிட்டார். பரீட்சையன்று ஆள் கிடைக்காமல், அமாவாசை என்ற அறுபத்தெட்டு வயதுக்காரரைத் தோள்வலியோடு கொண்டுவந்து படுக்க வைத்தார். "என்ன விளையாட்டு விளையாடுவீங்க?" என்று பரீட்சகர் கேட்டார். "வெளையாட்டா? நாலு ஆடு வச்சிருக்கேனுங்க" என்றார் அமாவாசை. புவனேஸ்வரி தட்டுத்தடுமாறித்தான் பாஸானார்.

என் மேஜைக்கு வந்த பரீட்சகர் மூன்று தடவை அளந்து பார்த்தார். "ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசமாச்சு, இன்னும் இவ்வளவு குறையா? இந்த மாதிரி கேஸை எங்க பிடிச்சீங்க?" என்று வியந்தார். நான்தான் முதல் மார்க். தங்கராசு என் கையைப் பிடித்துக்கொண்டு "பாஸாயிட்டீங்களா சார்?" என்று கண் கலங்கினார். அடுத்த வாரம் அம்மாக்கண்ணு ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுவந்தார்.

இப்போது புவனேஸ்வரியும் நானும் இதே துறையில் ஆசிரியர்கள். போன மாதம் என் நோட்டைப் புரட்டியிருக்கிறார். "நெல்லு வளக்குற மாதிரி வியாதிய வளத்துருக்கீங்களே சுரேஷ்" என்றார். பொறாமை, வேறென்ன? அந்த மனிதனுக்கு ரயில்வே வேலை போய்விட்டது என்கிறார். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நம் துறை வாசலில் டோக்கன் கொடுக்கிறாரே, அவர்தான் தங்கராசு. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வேலை, பிரேஸையும் கழற்ற வேண்டியதில்லை. கூப்பிட்ட குரலுக்கு வருகிறார். போன வருடம் ஆறு மாணவர்கள் அந்த ஒரு காலை வைத்துத்தான் பாஸானார்கள். அம்மாக்கண்ணு இன்றைக்கும் என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

அந்தக் காலைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக முடியும். மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் ஓடுவார். அது எனக்கு எப்போதும் தெரியும், எந்த வருடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். நானே என் கையால் செய்து தருகிறேன். அவர்மேல் எனக்கு இருக்கும் அக்கறை வேறு யாருக்கு இருக்கிறது? ஒன்றே ஒன்றுதான் சார். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது. ஏப்ரலில் ஆரம்பிக்கலாமா?