முப்பது டிகிரி

“சார் கையை வைக்கிறதுக்குள்ள சொல்லியாகணும், அக்கா.”

சிங்கப்பூரில், பொங்கோலிலிருந்து வந்த காலை ரயிலில், கைபேசியைக் காதில் வைத்திருந்த ஓர் இளம்பெண் பக்கத்தில் நின்ற தோழியிடம் சொன்னாள்.

“எங்க கையை வைக்கிறாரு?”

“எங்க ஆபீஸ் ரோபோ பக்கத்துல. பத்து மணிக்கு டெமோ. கணக்குப் போடுற சாப்ட்வேர் கோணத்தை டிகிரில அனுப்புது. மோட்டாரை ஓட்டுற சாப்ட்வேர் அதை ரேடியன்ங்கிற வேற யூனிட்னு எடுத்துக்குது. முப்பதுன்னா ரோபோ கை லேசா திரும்பணும். இது அஞ்சு சுத்து சுத்தும்.”

“டெஸ்ட் பண்ணலயா?”

“ஸ்கிரீன்ல மட்டும்தான் பண்ணேன்.”

சிராங்கூன் தாண்டியது. மணி ஒன்பது நாற்பது. மூன்றாவது முறை அழைத்தும் சார் எடுக்கவில்லை.

“எடுத்தா சாப்ட்வேர்ல கோளாறுன்னு சொல்லு லா. அடுத்த மாசம் அவருதான் உன் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கணும்.”

அவள் மறுபடி அழைத்தாள். லிட்டில் இந்தியாவில் கதவு திறந்தபோது அவர் எடுத்தார்.

“சார், பவரை ஆஃப் பண்ணுங்க. கையை வச்சிடாதீங்க.” அவர் ஏதோ கேட்டார். “இல்ல சார், சாப்ட்வேர்ல தப்பில்ல. ரெண்டையும் இணைச்சது நான்தான். யூனிட்டை மாத்தாம விட்டுட்டேன்.”

கைபேசியை இறக்கினாள்.

“என்ன சொன்னாரு?”

“ஆஃப் பண்ணிட்டாரு. நேரா அவரு ரூமுக்கு வரச் சொல்றாரு.”