வீடியோ எடுத்து உதவியவர்

— பேர எடுத்துட்டேன் அண்ணா. நேத்தே வீடியோவையும் தூக்கிட்டேன். வேணா உன் போன்ல பாரு.

— எடுத்தா, போன வேலை திரும்பி வந்துருமா சௌமியா? கம்பெனில அத்தினி பேரும் பாத்துட்டாங்க. தனகோடி மேஸ்திரி பேரன் துபாய்ல குந்தினு பாத்துட்டு, இங்க தாத்தாவுக்கு போன் பண்றான். உன் ஆளு காசி பேரு நெட்ல வருதுன்னு.

— இவ்ளோ பரவும்னு நெனைக்கல. நான் போடறத பத்து பேர் பாத்தாலே ஜாஸ்தி.

— அப்ப இன்னாத்துக்கு போட்ட?

— எங்க கைடு மேடம்தான் சொன்னாங்க. பிஎச்டி முடிச்சா மட்டும் யாரும் கூப்ட்டு வேலை தரமாட்டாங்க, லிங்க்ட்இன்ல நாலு பேருக்கு உன் பேர் தெரியணும், நீ பண்ற ஆராய்ச்சியப் பத்தி வாரம் ஒண்ணு எழுதுன்னு. தோல் பதப்படுத்துற ஷாப்புங்களோட கழிவுத் தண்ணியப் பத்தி கிராஃப் போட்டேன், டேபிள் போட்டேன். நாய்கூட சீண்டல. நீ அனுப்புன வீடியோவப் போட்டதும்தான் ஆளாளுக்கு வந்து பாத்தாங்க.

— மழ பெய்யசொல்லோ, டிரம்ல தோல் ஊறுன நீலத் தண்ணிய அப்டியே வாய்க்கால்ல தொறந்து வுட்டத. எனக்குத் தெரியாதா, நான்தான புட்ச்சேன். ஷாப்புக்குள்ள போன் கொண்டுபோனாலே சீட்ட கிழிப்பான். கால்ல போடற கம்பூட்டுக்குள்ள சொருவினு போனேன், உன் படிப்புக்கு ஆவட்டும்னு. சரி, போட்ட. என் பேர ஏம்மா போட்ட? ‘வீடியோ எடுத்து உதவியவர் என் அண்ணன் காசி, டிரம் செக்‌ஷன்.’ செக்‌ஷன் வேற.

— இன்னொருத்தர் எடுத்தத அவங்க பேர் போடாம போட்டா, எங்க படிப்புல அதுக்குப் பேரு திருட்டு. மொத நாளே அதத்தான் சொல்லிக் குடுப்பாங்க. அதுவுமில்லாம, பெரிய பெரிய ப்ரொஃபசருங்க பாக்குற எடத்துல எங்க அண்ணன் பேரு இருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு.

— திருடன்கூட கூட்டாளியக் காட்டிக் குடுக்கமாட்டான் பாப்பா. நீ படிச்சவ. மரியாதையா காட்டிக் குடுத்த.

— திட்டு. நல்லா திட்டு.

— திட்டி இன்னா ஆவப்போவுது. உங்க அண்ணி தட்ட வெக்கிற சத்தத்துலயே எனக்கு சோறு எறங்கல. வேற ஷாப்புக்குப் போனா, நீதான அந்த வீடியோக்காரன்றான். வாணியம்பாடி வரைக்கும் போய் நின்னு பாத்துட்டேன்.

— அப்ப ஏன் கம்பெனி சட்டையோட ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்திருக்க?

— மறுபடி எடுத்துகினாங்க. உன்ன வண்டி ஏத்திவுட்டு செகண்ட் ஷிப்டுக்குப் போவணும்.

— இத மொதல்லயே சொல்லக்கூடாதா அண்ணா. எனக்கு உயிரே போய் வந்துச்சு. யாரு சொல்லி எடுத்தாங்க?

— மேஸ்திரி ஆபீஸுக்குக் கூட்டினு போனாரு. சேர் போட்டு உக்கார வெச்சாங்க. ‘நீ குடுத்தியா, இல்ல உன் தங்கச்சியே எடுத்துச்சா’ன்னு கேட்டாங்க. எதச் சொன்னா வேலைன்னு அவங்க மூஞ்சிலயே தெரிஞ்சிச்சு.

— நீ என்ன சொன்ன?

— எனக்குத் தெரியாம என் போன்லேருந்து எடுத்துகிச்சின்னு சொன்னேன். அத்தோட வுடல. உங்க மேடத்துக்கு போனப் போட்டு என் கையில குடுத்தாங்க. அவங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன்.

— மேடத்துக்கிட்ட? நான் திருடினேன்னா? அண்ணா, அந்த ஒரு வார்த்தைக்கு என்ன படிப்ப விட்டே தூக்கிருவாங்க.

— தெரியும். அந்தம்மாவே சொன்னாங்க, நல்லா யோசிச்சு சொல்லுங்கன்னு. ரெண்டு புள்ளைங்கள வெச்சினு கீறேன் பாப்பா, நான் இன்னாத்த யோசிக்கிறது. நீ படிச்சவ, எப்டியாவது பொழைச்சுக்குவ. காட்பாடி வண்டி வருது. பைய எடு.

— ‘இதப் போடு பாப்பா, ஊரே பாக்கட்டும்’னு அன்னிக்கு நீ வாட்ஸ்அப்ல பேசி அனுப்புனியே, அது இன்னும் என் போன்லதான் இருக்கு. நாளைக்கு மேடம் கேட்டா, நான் போட்டுக் காட்டிருவேண்ணா.