குஞ்சம் வச்ச ஜாக்கெட்

"நாத்தனா கல்யாணத்துல தாலி கட்டினதையே நான் பாக்கலக்கா. கொழுந்தன் பொண்டாட்டி முதுகைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

செம்பூரிலிருந்து வாஷி போகும் ரயிலில், பெண்கள் பெட்டியின் கதவோரம் நின்ற இருவரில் இளையவள் சொன்னாள். திருநெல்வேலிப் பேச்சு. நான் போன் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

"அப்படி என்னட்டி இருந்துச்சு அவ முதுகுல?" என்றாள் மூத்தவள்.

"ஜாக்கெட்டுதான். முதுகை நல்லா இறக்கி வெட்டி, ரெண்டு பக்கமும் ஆரி வேலையில மயிலு, கயித்து நுனியில முத்துக் குஞ்சம். அந்த டிசைனை போன்ல தேடி எடுத்ததே நான்தான். மாமியா பாத்துட்டு, 'மூத்த மருமவளுக்கு இதெல்லாம் எதுக்கு'ன்னுட்டாவ. நான் கழுத்து வரைக்கும் மூடித் தச்சுக்கிட்டேன். கல்யாணத்தன்னைக்கு அதே டிசைனைப் போட்டுக்கிட்டு அவ வந்து நிக்கா. கயித்தை முடிஞ்சு விட்டதே மாமியாதான்."

"நீ சும்மாவா இருந்த?"

"வயிறு எரிஞ்சிச்சு. நேராப் போயி அவ முந்தானையை இழுத்து முதுகை மூடி, தோள்ல பின்னு குத்திட்டேன். 'ஏசி காத்து அடிக்கு, சளி பிடிச்சிரும்'னேன்."

"சண்டைக்கு வந்திருப்பாளே?"

"கண்ணு கலங்கிட்டாக்கா. 'இந்த வீட்டுல நீங்கதான் என்னைய அக்கறையாப் பாக்கீங்க'ன்னு கையைப் பிடிச்சவ, விடவே இல்ல. எல்லா போட்டோவுலயும் என்னைய ஒட்டிக்கிட்டுதான் நிக்கா."



"அதுக்கப்புறமாவது பின்னை எடுத்துவிட்டியா?"

"எப்படிக்கா எடுப்பேன்? அந்த ஜாக்கெட்டு அவ்வளவு அழகா இருந்துச்சு."