கொழுந்து வடிவக் கிட்டார்

கிட்டார் மடியில் உட்கார வேண்டிய பொருள். அதன் இடுப்பு வளைந்திருப்பது அழகுக்காக அல்ல, தொடையில் பொருந்துவதற்காக. கழுத்தடியில் ஒரு வெட்டு இருப்பது விரல் உள்ளே எட்டுவதற்காக. மற்ற வெட்டெல்லாம் பார்க்கிறவனுக்காக.

இதிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மெதுவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை டவுனில் எனக்குக் கடை இருக்கிறது. அம்ப்ளிபையர், ஸ்பீக்கர், கிட்டார் திருத்துவேன். கிட்டார் செய்யவும் செய்வேன். மின்சாரக் கிட்டாரின் உடம்பு கட்டி மரம். உள்ளே வெற்றிடம் இல்லை. கம்பிக்கு அடியில் இருக்கிற காந்தம்தான் சத்தத்தை எடுக்கிறது. ஆகையால் எந்த வடிவத்திலும் வெட்டலாம் என்கிறார்கள். அம்பு முனை போல வெட்டுகிறார்கள். உட்கார்ந்தால் அது வழுக்கி முழங்காலுக்குப் போய்விடும். நட்சத்திரம் போல வெட்டுகிறார்கள். முனை விலாவில் குத்தும். கோடரி வடிவமும் உண்டு. கையில் கோடரி வைத்திருப்பவன் எதற்குப் பாட்டு வாசிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கியதில்லை.

கிஷாந்தும் நானும் ஒரே வயது. லிந்துலைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தோம். நான் டவுனுக்கு வந்துவிட்டேன். அவன் அங்கேயே இருந்தான். எங்கள் இசைக்குழுவில் அவன் லீட், நான் ரிதம். அவன் வாசித்தது நான் செய்த கிட்டார். சபுக்கு மரம், நல்ல இடுப்பு. கல்யாண வீடுகளில் யார் செய்தது என்று கேட்பார்கள். கிஷாந்த் என் பக்கம் கையைக் காட்டுவான்.

போன வருடம் அவன் தானே ஒரு கிட்டார் செய்தான். என் வாளையும் அரத்தையும் இரவல் வாங்கிக்கொண்டு போய், முடிகிற வரைக்கும் எனக்குக் காட்டாமல் செய்தான். கழுத்துதான் காம்பு. அதன் அடியில் இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. பச்சை நிறம். தேயிலைக் கொழுந்து.

"எப்பிடி மச்சான்?" என்றான்.

"கழுத்து கனம்டா. தோள்ல போட்டுக் கைய விட்டா தரையப் பாக்கும்."

தோளில் போட்டு இரண்டு கையையும் விட்டான். அது அசையவில்லை. மேல் இலையை முன்னுக்கு வளைத்து, அதன் நுனியில் வாரைப் பூட்டியிருந்தான்.

"உக்காந்து வாசிக்க முடியாதே."

என் முக்காலியில் உட்கார்ந்தான். மொட்டுக்கும் கீழ் இலைக்கும் நடுவில் இருந்த இடைவெளி அவன் தொடையில் பொருந்தியது.

"வேற என்னா குத்தம் இருக்கு, சொல்லு சொல்லு."

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்தேன். பிறகு அம்ப்ளிபையரில் பூட்டி வாசித்தான். சத்தம் நன்றாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சத்தம் வேறு, வடிவம் வேறு.

எனக்கு இன்னொரு கருத்தும் இருந்தது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, அதைச் சுமந்து, நிறுத்துப் போட்டுவிட்டு வருகிற சனங்களுக்கு மேடையிலும் கொழுந்தைக் காட்டக் கூடாது. இது மனிதாபிமானமான கருத்து என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தோட்டத்துத் திருவிழாவில் அவன் அதோடு மேடை ஏறினான். அவன் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ஜீவராணி கீழே இருந்து சத்தம் போட்டாள்.

"ஏய் கிஷாந்து, கொழுந்து முத்திப்போச்சுடா. கணக்கப்புள்ள நிறுக்க மாட்டாரு."

"அப்ப நீங்களே கிள்ளிட்டுப் போங்கக்கா," என்று அவன் மைக்கில் சொன்னான். "அரைப் பேர்தான் போடுவாங்க, பரவால்லயா?"

அரை நாள் சம்பளம் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை. ஜீவராணி, கூடைக் கயிறு அழுத்துகிற உச்சந்தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். அவளுக்கு வலித்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வீடியோ நிறையப் பேரிடம் போனது. அதில் நான் இல்லை. ரிதம் வாசிக்கிறவன் ஓரத்தில் நிற்பான், அது வழக்கம். கடைக்குப் பையன்கள் வந்து, "கொழுந்துக் கிட்டார் செஞ்சு தருவீங்களாண்ணே?" என்று கேட்டார்கள். அப்படி ஒரு கிட்டார் கிடையாது என்று சொன்னேன். பிறகு கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் கிஷாந்தைக் கூப்பிட்டார்கள். கிட்டாரையும் கொண்டுவரச் சொன்னார்கள்.

பச்சை அங்கங்கே உரிந்திருந்தது. "ஒன் கையால ஒரு பூச்சுப் போட்டுக் குடு மச்சான்," என்று கேட்டான். அதற்குத்தான் அன்றைக்கு லயத்துக்குப் போனேன். லாக்கரும் தின்னரும் பிரஷ்ஷும் கொண்டு போனேன். வேறு எண்ணம் இருக்கவில்லை.

பகல் வேளை. அவன் மனைவி பூரணியும் ஜீவராணியும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். லயமே வெறுமையாக இருந்தது. முதல் நாள் ஹட்டனில் கச்சேரி வாசித்துவிட்டு வந்ததால் கிஷாந்துக்குத் தூக்கம் கண்ணைக் கட்டியது. "நீ பாத்துக்க மச்சான், நான் செத்த கண்ணசர்றேன்," என்று உள் காம்பராவுக்குப் போய்ப் படுத்தான். அந்தக் காம்பராவின் சுவரில் நான் செய்துகொடுத்த கிட்டார் ஆணியில் தொங்கியது. அதன் கழுத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மழைக் காலம். எங்கேயாவது காயப்போடத்தானே வேண்டும்.

நான் இஸ்தோப்பில், அதாவது முன்னறையில், உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். பூச்சை ஒழுங்காகவே போட்டேன். அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை. முடிந்ததும் காய்வதற்காக கூரை வளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். அது எந்தப் பக்கமும் சாயவில்லை. கொஞ்சம் சுழன்று, நேராக நின்றது. நான் செய்த எதுவும் தொங்கும்போது அப்படி நின்றதில்லை.

மிச்சமிருந்த தின்னரை அதன் மேல் ஊற்றிப் பற்றவைத்தேன்.

கிட்டாரைத்தான் எரித்தேன், ஐயா. அதை அப்படியே எழுதுங்கள். லயத்துக்கு ஒரே கூரை. நடுச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு காம்பராவில் பிடித்தால் தீ மேலே ஏறி அடுத்த காம்பராவுக்கு ஓடும். அங்கே பிறந்த எனக்கு இது தெரியாதா? காற்று புகுந்தால் இன்னும் மோசமாகும். ஆகையால்தான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். காற்றுக்குத் திறந்துகொள்ளும் கதவு அது. அதனால் வெளிக் கொண்டியையும் போட்டேன்.

ஆனாலும் தீ ஓடியது. ஜீவராணியின் அப்பா கந்தப்பன் அடுத்த காம்பராவில் படுக்கையில் கிடந்தார். லயத்தில் யாரும் இல்லை என்று நினைத்தபோது அவரை நான் நினைக்கவில்லை. அது என்னுடைய பிழை. அதற்கு வருத்தப்படுகிறேன். மலையிலிருந்து சனங்கள் ஓடிவந்ததும் நானும் வாளி தூக்கினேன்.

எல்லோரும் மின்கசிவு என்றார்கள். லயத்தில் தீ என்றால் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு அது கிஷாந்தின் கிட்டாரால்தான் என்று பேச்சு வந்தது. கத்துக்குட்டி போட்ட வயரிங், அதுதான் வீட்டையும் எரித்து இரண்டு ஆளையும் கொன்றது என்றார்கள். சாவு வீட்டில் பூரணியின் காதில் விழவே சொன்னார்கள். அது நியாயமில்லை. அந்த வயரிங்கை நான் திறந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஈயப் பற்றும் சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் நானாக இங்கே பொலிஸுக்கு வந்தேன்.

கிஷாந்த் கதவைத் தட்டவில்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை. கதவுப் பக்கமே அவன் வரவில்லை. நான் இன்னும் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். "மச்சான், எங்கடா இருக்க, வெளிய ஓடு," என்று என்னைத் தேடினான். புகைக்குள் கட்டில் இழுபட்டது. பாத்திரங்கள் விழுந்தன. மறுபடியும் கூப்பிட்டான். எனக்கும் அவனுக்கும் இடையில் அந்தக் கதவுதான் இருந்தது. கொண்டியில் என் கை இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் கதவுக்கு வந்திருப்பான்.